சத்தம் வராத சி.டி.

2006-ம் வருடம், தை மாதம். பொங்கல் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். காலை எட்டு மணிக்கு அரியலூர் ரயில்வே ஸ்டேஷனில், திருச்சி போகும் வண்டிக்காகக் காத்திருந்தேன்.

அப்போது நான் அரியலூரில் குடியிருந்துகொண்டு, பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தேன். வயது இருபத்தாறு. சென்டரின் தலைமை அலுவலகம் திருச்சியில் இருந்தது. அங்கே மாதத்துக்கு ஒரு கூட்டம் நடக்கும். அதற்குத்தான் கிளம்பியிருந்தேன். வண்டி ஒரு மணி நேரம் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். ஒரு பேப்பர் வாங்கிப் படித்திருக்கலாம். நான் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துத் திறந்தேன்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த அக்கா வீட்டுக்காரர், தனக்குப் பழசாகிப் போனதை எனக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். எங்கள் பக்கத்தில் அப்போது லேப்டாப் என்பது அடிக்கடி கண்ணில் படுகிற பொருள் இல்லை. அன்றைக்கு அதில் எனக்குச் செய்ய வேண்டிய வேலை எதுவும் கிடையாது. நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் திறந்தேன். இதை இப்போதுதான் என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது.

கொஞ்ச நேரத்தில் ஒரு கணவனும் மனைவியும் என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சலவை வேட்டி, சட்டைப் பையில் மடித்த துண்டுச் சீட்டு. அந்த அம்மாவின் கையில் ஒயர் கூடை. அதில் வாழைப்பழச் சீப்பு, வெற்றிலை, பூ, மேலே ஒரு துணிக்கடைப் பை. ஏதோ நல்ல காரியத்துக்குப் போகிறார்கள் என்று தெரிந்தது. நான் எதுவும் கேட்கவில்லை.

"சார், இதுல சீடி போட்டா ஓடுங்களா?" என்று அவர் கேட்டார்.

"ஓடுமே. என்ன சி.டி.?"

"எம் பொண்ணு அனுப்பியிருக்குங்க, திருப்பூர்லேருந்து. அங்க பனியன் கம்பெனில வேல பாக்குது. நேத்து சாயங்காலந்தான் ஊருக்கு வந்த ஒரு புள்ள கொண்டாந்து குடுத்துச்சு. பக்கத்து வூட்டு டெக்குல போட்டோம், ஓடல. இங்க டவுன்ல ஸ்டூடியோவுக்குப் போனோம், இன்னும் தொறக்கல. எங்க வண்டி எட்டே முக்காலுக்கு. அதுக்குள்ள பாத்தாகணும் சார்."

"குடுங்க" என்று வாங்கினேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். திறந்து வைத்ததற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

சி.டி.யைப் போட்டேன். உள்ளே ஒரே ஒரு வீடியோ. திறந்தால், இந்த வகையைப் படிக்க முடியாது என்று செய்தி வந்தது. சாதாரண ஆளாக இருந்தால் அங்கேயே கைவிட்டிருப்பான். என்னிடம் வீடியோ ஓட்டுவதற்கு வேறு இரண்டு மூன்று மென்பொருள்கள் இருந்தன. இரண்டாவதில் படம் வந்துவிட்டது. அந்த அம்மா சட்டென்று குனிந்து, "வந்துட்டா" என்றார். பெஞ்சைச் சுற்றி அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். "படிச்ச பையன்ல" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எனக்கு முதுகு நிமிர்ந்தது.

திரையில் ஒரு மொட்டை மாடி. கொடியில் துணி காய்கிறது. மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு பெண் நேராக எங்களைப் பார்த்து நிற்கிறாள். கையை அசைத்து ஏதோ ஆரம்பிக்கிறாள். ஆனால் சத்தம் வரவில்லை.

அந்தப் பெண்ணை நான் அதற்கு மேல் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. என் கண் முழுக்க திரையின் மூலையில் இருந்த ஒலிபெருக்கிக் குறியில் இருந்தது. சத்தத்தைக் கூட்டினேன். வரவில்லை. வீடியோவை நிறுத்தினேன். என்னிடம் இருந்த ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுப் பார்த்தேன். பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. ஆக, லேப்டாப் சரியாக இருக்கிறது, கோளாறு வீடியோவில்தான் என்று கூட்டத்துக்கு விளக்கினேன். வேறொரு மென்பொருளில் முதலிலிருந்து போட்டேன். அதே மாடி, அதே கொடி, அதே முதல் சில நொடிகள். சத்தம் இல்லை. நிறுத்தினேன்.

"சார், அது வந்து..." என்று அவர் ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க, எடுத்துடலாம்" என்றேன்.

சி.டி.யிலிருந்து நேராக ஓட்டுவதால் தகராறு செய்யலாம் என்று வீடியோவை லேப்டாப்புக்குள் நகல் எடுத்தேன். அது வேறு பாதியில் நின்று நின்று ஏறியது. மறுபடி முதலிலிருந்து போட்டேன். இல்லை. சத்தத்துக்கான அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மறுபடி முதலிலிருந்து. இல்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் எழுந்து உட்காரவே நாலைந்து நிமிடம் ஆகும்.

ஒவ்வொரு தடவை படம் வரும்போதும் அந்த அம்மா திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார். அவருடைய விரல்கள் தானாக அசைந்தன. ஒரு தடவை அவர் கை திரைக்கு நடுவில் வந்துவிட்டது. "அம்மா, கையை ஆட்டாதீங்க, மறைக்குது பாருங்க" என்றேன். அவர் கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"படம் தெரியுதுல்ல சார், அதுவே போதுங்க" என்றார் கணவர், சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில்.

"என்னங்க நீங்க, அனுப்பின பொண்ணு என்ன பேசுதுன்னு கேக்க வேணாமா? எடுத்தவங்களுக்கு எடுக்கத் தெரியல. இருங்க, நான் வர வச்சுக் காட்டுறேன்."

மறுபடி போட்டேன். மறுபடி அதே மாடி. அப்போது கூட்டத்தில் ஒருவர், "என்னப்பா, ஊமைப் படமா ஓட்டுற?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன். தலையை நிமிர்த்தியபோது அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து கூடையில் இருந்த பழத்தைச் சரி செய்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பேட்டரி தீரப் போகிறது என்று திரையில் எச்சரிக்கை வந்தது. அதை மூடிவிட்டு இன்னொரு வழியை முயன்றேன். பழைய பேட்டரி, முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது என்று எனக்கே தெரியும். இரண்டு நிமிடத்தில் திரை அணைந்து கறுப்பாகிவிட்டது.

கூட்டம் கலைந்தது. எட்டே முக்கால் வண்டி வருகிறது என்று அறிவிப்பு வந்தது. யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் அப்பா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"சார், அதுல சத்தம் இருக்காதுங்க. அந்தப் புள்ளைக்குக் காது கேக்காது. பேச்சும் வராது. கையாலதான் பேசும்" என்றார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றுதான் என் வாயில் வந்தது. அந்த நேரத்திலும் அவர் மேல்தான் பழி போட்டேன்.

"அத்தன பேரு நின்னாங்க சார். கல்யாணத்துக்குப் பேசுற புள்ள. எப்படிச் சொல்றது" என்றார். கோபமே இல்லாத குரல்.

சி.டி.யை எடுத்துக் கொடுக்கப் பார்த்தேன். பட்டனை அழுத்தினால் தட்டு வெளியே வரவில்லை. உயிரில்லாத லேப்டாப்பில் எப்படி வரும்? அதன் ஓரத்தில் சின்ன ஓட்டை இருக்கும், ஊசியை விட்டுக் குத்தினால் தட்டு வந்துவிடும். இதை நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பதற்றத்தில் அது நினைவுக்கே வரவில்லை. வண்டி உள்ளே வந்து நின்றது.

"எந்த ஊர் போறீங்க?"

"பெண்ணாடங்க. மாப்ள வூட்டுக்கு வாக்கு குடுக்கப் போறோம்."

அவர்களோடு நானும் ஏறிவிட்டேன். நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர்கள் சி.டி. என் லேப்டாப்புக்குள் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். திருச்சிக்கு போன் செய்து உடம்பு சரியில்லை என்று ஒரு பொய் சொன்னேன்.

வண்டியில்தான் முழு விஷயமும் தெரிந்தது. தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தபோது அந்தப் பெண்ணை மாப்பிள்ளையும் அவர் வீட்டாரும் வந்து பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குக் குறையொன்றும் இல்லை. சொந்தமாக உரக்கடை. பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பெண் மட்டும் எந்தப் பதிலும் சொல்லாமல் திருப்பூர் போய்விட்டாள். "யோசிச்சு சொல்றேன்" என்று மட்டும் சொன்னாளாம். அந்தப் பதில்தான் சி.டி.யில் வந்திருந்தது. அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியும். ஆனால் எழுதினால் நாலு வரியில் முடித்துவிடுவாள், கையால் பேசினால்தான் மனதில் இருப்பது முழுக்க வரும் என்றார் அப்பா. கூட வேலை செய்யும் தோழி ஒருத்தி சின்ன கேமராவில் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அந்தக் கேமராவில் சத்தம் பதிவாகும் வசதியே இல்லை. யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை.

"எனக்கு அது பேசுறதுல பாதிதான் புரியுங்க. நான் ரொம்ப வருஷம் கேரளாவுல வேலைக்கிப் போயிட்டேன். அது ஹாஸ்டல்லேருந்து லீவுக்கு வரப்பல்லாம், பள்ளிக்கூடத்துல படிச்ச கைபாஷைய இவளுக்குச் சொல்லிக் குடுத்துச்சு" என்றார். "இன்னிக்குப் பாத்த வரைக்கும், வந்தவரப் பாத்தேன், ஆளு நல்லாருக்காருன்னு சொல்லுது. அதுக்கு மேல நீங்க..." என்று நிறுத்தி, "அதுக்கு மேல பாக்கல" என்று மாற்றிக்கொண்டார்.

ஏழு தடவையாவது முதலிலிருந்து போட்டிருப்பேன். ஏழு தடவையும் அந்தப் பெண்ணின் முதல் வாக்கியத்தை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தியிருக்கிறேன்.

"அப்ப சரின்னு சொல்லிடலாம்ல" என்றார் அவர் மனைவியிடம்.

அந்த அம்மா அதுவரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாருக்காருன்னு சொல்றப்ப அதோட மொகம் நல்லால்ல. பின்னால என்னமோ இருக்கு. முழுசாப் பாக்காம நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார்.

செந்துறையில் கூட்டம் ஏறியது. நான் எழுந்து லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்து அவர்கள் முகத்தைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

பெண்ணாடம் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு ஜெராக்ஸ் கடை திறந்திருந்தது. கடையில் ஒரு பெண் இருந்தார். விஷயத்தைச் சொல்லாமல், அவசரமாக ஒரு வீடியோ பார்க்க வேண்டும், ஒரு பிளக் பாயிண்ட் தருவீர்களா என்று கேட்டேன். "பத்து மணிக்குக் கரண்ட் போயிடும். சீக்கிரம் பாத்துக்கங்க" என்று ஜெராக்ஸ் மெஷினின் ஒயரைப் பிடுங்கி இடம் கொடுத்தார்.

இந்த முறை நான் எதையும் சரி செய்யவில்லை. வீடியோவை ஓடவிட்டு, திரையை அந்த அம்மா பக்கம் திருப்பி வைத்துவிட்டு, விலகி நின்றேன். மொத்தம் நாலு நிமிடம்தான். நாலே நிமிடம்.

அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் ஓரிடத்தில் அவள் ஒருவரை நடித்துக் காட்டினாள். காலை ஆட்டிக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பேசுகிற ஒருவர். பிறகு தன்னை நெஞ்சில் தொட்டுக் காட்டி, உட்கார்ந்திருப்பவள் போல இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். திரைக்கு இந்தப் பக்கம் அந்த அம்மாவின் கைகள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தன, மகள் எதிரில் நிற்பது போலவே. முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன்.

பிறகு கணவரிடம் சொன்னார். நான் நிற்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

"ஆளு நல்லாருக்காராம். ஆனா பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எல்லாத்தையும் நம்மகிட்டயே கேட்டாராம், அதுகிட்ட ஒண்ணுமே கேக்கலயாம். சும்மா ஒக்காந்திருந்துச்சாம். கையால பேசக் கத்துக்க இஷ்டமான்னு அவருகிட்ட கேக்கச் சொல்லுது. கத்துக்கிறேன்னு சொன்னா சரின்னு வாக்குக் குடுங்க, நானே கத்துக் குடுக்குறேங்குது. இல்லேன்னா வேணாமாம். ஒரு வூட்டுக்குள்ள காலம் பூரா கைய மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்க முடியாதுங்குது."

அவர் சட்டைப் பையிலிருந்த விலாசச் சீட்டை எடுத்து விரித்தார். பிறகு, "கேட்டுடுவோம்" என்றார். சி.டி.யை எடுத்துக் கொடுத்தேன். இருவரும் கூடையோடு தெருவுக்குள் போனார்கள்.

நான் ஸ்டேஷனுக்குத் திரும்பினேன். அரியலூர் பக்கம் போகும் வண்டி மதியத்துக்கு மேல்தான். பஸ்ஸில் போயிருக்கலாம். போகத் தோன்றவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். கூடை போனபடியே நிறைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் ஆச்சரியப்பட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கேட்டோம் சார். பையன் சிரிச்சிட்டான்" என்றார்.

மடியில் இருந்த லேப்டாப் பையைக் கீழே இறக்கி வைத்தேன்.

"கெட்டவன்னு சொல்ல மாட்டேங்க. வேணும்னு சிரிக்கல. கூட அவன் சேக்காளிங்க ரெண்டு பேரு நின்னாங்க. நாங்க கேட்டதும் அவனுவ சிரிச்சானுவ, இவனும் கூடச் சேந்து சிரிச்சிட்டான். அவ்வளவுதான். இவ உடனே எந்திரிச்சிட்டா. அதுக்கு மேல ஒக்கார மாட்டேன்னுட்டா. எனக்கும் இழுத்து ஒக்கார வைக்கத் தோணல."

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும் கூட வரலேன்னா, சரின்னு சொல்லிட்டு வந்திருப்போம் சார். அந்தப் புள்ள வாழ்க்கைய நீங்கதான் காப்பாத்துனீங்க."

அதைவிட அவர் என்னை ஓங்கி அறைந்திருக்கலாம். காலையில் நான் செய்ததும் அதேதானே. கூட நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். மாப்பிள்ளையிடமிருந்து எழுந்து வந்துவிட முடிந்த அந்த அம்மாவுக்கு, என்னிடமிருந்து எழுந்து போக வழி இல்லை. மகள் என்ன சொல்கிறாள் என்று பார்க்க என் லேப்டாப்தான் இருந்தது. அதனால் சிரித்தவன் பக்கத்திலேயே நின்று, முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு பொறுத்திருந்திருக்கிறார்.

அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மறக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மன்னித்தாரா என்று தெரியவில்லை. "காலையிலேருந்து சாப்புடலதான தம்பி" என்று கூடையிலிருந்து இரண்டு பழத்தைப் பிய்த்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. அரியலூர் வரை ஒன்றாகத்தான் வந்தோம். ஒரு மணி நேரத்துக்கும் மேல். அப்போதும் சொல்லவில்லை. ஸ்டேஷனில் இறங்கி, "வரோம் சார்" என்று அவர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அவர்களை அதன் பிறகு நான் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இந்தச் சம்பவத்தை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். வகுப்பில் சொல்லியிருக்கிறேன், கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் என்னை நல்லவன் என்றார்கள். வேலையை விட்டுவிட்டு ரயிலேறிப் போனாயே என்றார்கள். காரணம், ஒவ்வொரு தடவையும் நான் அந்தச் சிரிப்பை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். சத்தம் வராத வீடியோ, தீர்ந்துபோன பேட்டரி, மாட்டிக்கொண்ட சி.டி. எல்லாம் வரும். நான் சிரித்தது வராது.

இப்போது முதல் முறையாக அதையும் சேர்த்து எழுதிவிட்டேன். எழுதியதால் மனம் லேசாகவில்லை. ஆனாலும் அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டியதை, அன்றைக்கு ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் சொல்லாமல், இத்தனை வருடம் கழித்து யாரென்றே தெரியாத உங்களிடம் சொல்கிறேனே என்பதுதான் இன்று வரை எனக்கு ஆறாத வெட்கம்.